பால் ஊற்றுமிடம்: அன்றும் இன்றும்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தில் விளக்கெரியும் இடங்களைத் தேடினால் டீக்கடைக்கு அடுத்ததாகப் பால் சொசைட்டி எனப்படும் கூட்டுறவுச் சங்கம் இருக்கும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. வரிசையில் நிற்பவர்களும் பெரிதாக மாறவில்லை. ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்கள், பள்ளிக்குப் போகும் முன் பால் கொண்டுவரும் பிள்ளைகள், சைக்கிளில் கேன் கட்டி வரும் பெரியவர்கள். மாறியிருப்பது சன்னலுக்கு அந்தப் பக்கம் நடக்கும் வேலை. அளப்பது, தரம் பார்ப்பது, எழுதுவது, பணம் கொடுப்பது என்ற நான்கும் மாறிவிட்டன. நாம் குடிக்கும் பாலுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு எவ்வளவு நேர்மையானது என்பதை அந்தச் சன்னல்தான் முடிவு செய்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அன்று சன்னலுக்குப் பின்னால் ஓர் அலுமினிய அளவுக் குவளை, ஒரு லாக்டோமீட்டர், ஒரு தடித்த நோட்டு இருக்கும். பால் கறந்த சூட்டோடு வரும். நுரை பொங்கி நிற்கும். நுரையோடு அளந்தால் ஊற்றுபவருக்கு லாபம். நுரை அடங்கக் காத்திருந்து, விளிம்பு தாண்டி வழிய வழிய அளந்தால் சங்கத்துக்கு லாபம். வழிந்த பால் கீழே வைத்திருக்கும் பேசினில் சேரும். அந்தப் பேசின் பால் எந்த உறுப்பினரின் கணக்கிலும் ஏறாது. எல்லாச் சங்கத்திலும் இப்படி என்று சொல்லமாட்டேன். நுரைக்கு இவ்வளவு என்று நியாயமாகக் கழித்து அளந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் நியாயம் முழுவதும் அளப்பவரின் மணிக்கட்டில் இருந்தது.

அடுத்தது டிகிரி. லாக்டோமீட்டரைப் பாலில் விட்டால் அது எவ்வளவு மிதக்கிறது என்பதைப் பார்த்துத் தண்ணீர் கலந்ததா என்று சொல்லிவிடுவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. சூடான பாலில் கருவி கொஞ்சம் ஆழமாக இறங்கும். டிகிரி குறைவாகக் காட்டும். வெப்பமானி வைத்துத் திருத்தம் போட்டுப் பார்க்க வேண்டும். வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது யார் திருத்தம் போடுவார்கள்? 

“என்னம்மா, இன்னைக்கு டிகிரி இறங்கியிருக்கு?” 

“இப்பத்தாண்ணா கறந்துட்டு வர்றேன், ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்கலண்ணா.” 

இந்த உரையாடல் நடக்காத சங்கம் இருந்திருக்க முடியாது. கறந்த சூட்டோடு ஓடிவந்தவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்க, விவரம் தெரிந்தவர் தப்பித்துவிடுவார். ஏனென்றால் கொழுப்பை எடுத்துவிட்டால் லாக்டோமீட்டர் மேலே ஏறும், தண்ணீர் சேர்த்தால் கீழே இறங்கும். இரண்டையும் அளவாகச் செய்தால் டிகிரி சரியாகவே நிற்கும்.

அதனால்தான் கொழுப்புப் பரிசோதனை தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட முறை நம்மூர்ச் சங்கங்களின் பின்னறைகளில் நூறாண்டு கடந்தும் நடந்தது. கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடி அடைத்துக் குலுக்கினால் குழாய் கொதிக்கக் கொதிக்கச் சுடும். பிறகு கையால் சுற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்ற வேண்டும். கொழுப்பு மேலே மஞ்சள் கோடாகத் திரளும். அதன் உயரத்தைப் படித்தால் சதவீதம் தெரியும். பரிசோதகரின் சட்டையில் அமிலம் பட்ட ஓட்டைகள் இருக்கும். லாக்டோமீட்டர் எண்ணில் கால் பங்கு, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதோடு ஒரு சிறு மாறிலி என்று கூட்டினால் கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் அளவு வரும். சங்கத்தில் அதை எஸ்.என்.எஃப். என்றே சொல்வார்கள், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அப்படித்தான் சொல்வார். பாலின் விலையை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

ஒவ்வொருவர் பாலையும் இரண்டு வேளையும் இப்படிச் சோதிக்க ஆளும் இல்லை, அமிலமும் இல்லை, நேரமும் இல்லை. சிறு புட்டிகளில் மாதிரி எடுத்து வைத்துச் சில நாளைக்கு ஒருமுறை பார்ப்பார்கள். பல சங்கங்களில் அதையும் விட்டுவிட்டு, ஒட்டுமொத்தப் பாலுக்கு, அதை வாங்கும் மாவட்டப் பால் ஒன்றியம் என்ன விலை போட்டதோ அதை எல்லோருக்கும் ஒரே விலையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மாதிரிப் பால் எடுப்பது மட்டும் நிற்கவில்லை. ஒருவரிடம் 50 மில்லி என்றால் நூறு பேரிடம் இரண்டு வேளைக்கு 10 லிட்டர். அந்தப் பத்து லிட்டர் எங்கே போனது என்று பொதுக்குழுவில் கேட்டவர்கள் உண்டு. பதில் வாங்கியவர்கள் குறைவு.

ஒரே விலை என்பது பார்ப்பதற்குச் சமத்துவம் போலத் தெரியும். அது செய்த கேடு பெரிது. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வாங்கிப் போட்டு நல்ல பால் கறந்தவரும், செம்பில் தண்ணீர் சாய்த்தவரும் ஒரே பணம் வாங்கினார்கள். நல்ல பால்காரர் மெல்ல டீக்கடைக்கும் தனியாருக்கும் ஊற்றப் போனார். சங்கத்துக்கு வந்த பால் மெலிந்தது, மெலிந்த பாலுக்கு ஒன்றியம் விலையைக் குறைத்தது, விலை குறைந்ததும் இன்னும் நாலு பேர் விலகினார்கள். கிராமத்துச் சங்கங்கள் பல நொடித்ததற்கு வறட்சியையும் அரசியலையும் காரணமாகச் சொல்வோம். அவையும் உண்மைதான். என் கணிப்பில், தனித்தனியாகத் தரம் பார்க்காமல் விட்டதுதான் வேரில் விழுந்த வெட்டு.

இத்தனைக்கும் கூட்டுறவுப் பால் இயக்கம் பிறந்ததே இந்த நியாயத்தைக் கேட்டுத்தான். 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகள் பால்சன் நிறுவனத்தின் இடைத்தரகர்களுக்குப் பால் ஊற்ற மறுத்துத் தெருவில் கொட்டினார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சங்கங்கள் எழுந்தன. 1949-இல் அங்கே ஆனந்த் நகருக்குப் போய்ச் சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் படித்தவர். சாதி பார்க்காமல் வரிசை, வரிசையில் நிற்பவர் கண் முன்னால் அளவு, காலை ஊற்றிய பாலுக்கு மாலையில் காசு: ஆனந்த் முறையின் உயிர் இவற்றில் இருந்தது. 1965-இல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அமைந்தது, 1970 முதல் 1996 வரை வெண்மைப் புரட்சித் திட்டம் நடந்தது. தமிழ்நாட்டில் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், 1981-இல் பதிவான மாநில இணையம் என்று மூன்றடுக்கு எழுந்து ஆவின் என்ற பெயரோடு வீட்டுக்கு வந்தது. 1950-51-இல் நாட்டின் பால் உற்பத்தி 1 கோடியே 70 லட்சம் டன். 2023-24-இல் சுமார் 23 கோடியே 90 லட்சம் டன். இவ்வளவு பெரிய ஏற்றத்துக்கு அடியில் இருந்தது ஒன்றிரண்டு மாடுகள் வைத்திருக்கும் கோடிக்கணக்கான வீடுகள். அவர்கள் கொண்டுவரும் மூன்று லிட்டர், நாலு லிட்டர் பாலை ஒவ்வொரு நாளும் இரண்டு முறை தனித்தனியாக அளந்து, தரம் பார்த்து, கணக்கு வைப்பதைப் போன்ற வேலை வேறு எந்த உணவுப் பொருளிலும் இல்லை. நெல்லை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் விற்கிறோம்.

இந்த அன்றாட அளவு, கணக்கு வேலைக்குள்தான் கணினியும் நுழைந்தது. 1990-களின் நடுவில் ஆனந்த் வட்டாரச் சங்கங்களில் மின்னணுத் தராசையும் கொழுப்பு காட்டும் கருவியையும் கணினியையும் இணைத்த ஏற்பாடு வந்தது. உறுப்பினர் அட்டையை நீட்ட வேண்டும், பாலை ஊற்ற வேண்டும், சீட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இன்போசிஸ், விப்ரோ என்று நகரத்தில் பேச்சு தொடங்கிய அதே காலத்தில் எருமை வளர்க்கும் பெண்கள் கணினிச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் மகிழ்ச்சியோடு நினைத்துப் பார்க்கிறேன்.

இன்று நம்மூரில் பார்க்கலாம். எடை போடும் தட்டில் பாத்திரம், அதன் மேலே சிவப்பு எண்கள். நுரைக்கு இனி வேலை இல்லை. எடைதான் கணக்கு, ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. ஒரு கரண்டிப் பாலைப் பரிசோதனைக் கருவியின் குழாய்க்குக் கீழே வைத்தால் அது உறிஞ்சி, கேளா ஒலியைப் பாலுக்குள் செலுத்தி, ஒலி கடக்கும் வேகத்தைக் கொண்டு கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் சுமார் ஒரு நிமிடத்தில் கணிக்கிறது. அமிலம் இல்லை, சுழற்றல் இல்லை. விலைப்பட்டியல் உள்ளேயே இருப்பதால் தொகையும் சேர்ந்து வந்துவிடும். சீட்டில் தேதி, வேளை, எடை, கொழுப்பு, எஸ்.என்.எஃப்., விலை, தொகை. பல இடங்களில் அதே விவரம் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் போகிறது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் சங்கத்திலிருந்து ஒன்றியம், மாநில இணையம் வரை ஒரே மென்பொருளில் இணையும்படி ஓர் ஏற்பாட்டை மாநில மொழிகளில் கொடுக்கிறது. காலைப் பால் எவ்வளவு வந்தது என்று ஒன்றியத்தின் மேலாளர் வண்டி வந்து சேரும் முன்பே பார்க்கலாம்.

இந்தச் சீட்டு செய்த பெரிய வேலை என்று எனக்குப் படுவது, ஊற்றுபவரின் கேள்வி மாறியதுதான். முன்பு “ஏண்ணா குறைச்சுப் போட்டீங்க?” என்று ஆளைக் கேட்டார்கள். இப்போது “கொழுப்பு நாலுல இருந்து மூணரைக்கு ஏன் இறங்குச்சு?” என்று மாட்டைக் கேட்கிறார்கள். பசுந்தீவனம் மட்டும் போட்டால் கொழுப்பு இறங்கும், வைக்கோல், சோளத்தட்டு சேர்த்தால் ஏறும் என்று சீட்டைப் பார்த்தே தெரிந்துகொண்ட வீடுகள் இருக்கின்றன. தாது உப்புக் கலவை வாங்கிப் போட்டதற்குப் பலன் இருந்ததா என்பதைப் பத்து நாள் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கால்நடை மருத்துவர் பத்துக் கூட்டம் போட்டுச் சொல்லியும் ஏறாத விஷயம் இந்தத் துண்டுக் காகிதத்தால் ஏறியிருக்கிறது.

இனி எல்லாம் சரி என்று இங்கே நிறுத்திவிட முடியாது. கருவி பாலைச் சுவைப்பதில்லை, ஒலியின் வேகத்தைத்தான் பார்க்கிறது. சர்க்கரையோ உப்போ யூரியாவோ கரைத்தால் எஸ்.என்.எஃப். ஏறியதாகவே அது நம்பும். ஒவ்வொரு வேளையும் கழுவாவிட்டால் குழாயில் பால்கல் படியும், எண் பிசகும். பசும்பாலுக்கு ஒன்று, எருமைப்பாலுக்கு ஒன்று என்று அளவீட்டைச் சரிபார்த்து வைக்க வேண்டும். காற்றுக் குமிழி இருந்தாலும் தவறும். கோடையில் கலப்பினப் பசுக்களின் எஸ்.என்.எஃப். இயல்பாகவே சரியும், அப்போது இரண்டு புள்ளி பிசகினால் பால் திருப்பி அனுப்பப்படும் எல்லைக்கு வந்துவிடும். பழைய பரிசோதகரோடு வாதாடலாம். சிவப்பு எண்ணோடு யார் வாதாடுவார்கள்? ஆகவே கருவி வந்த சங்கத்தில் கெர்பர் குழாயைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. உறுப்பினர் ஒருவர் சந்தேகம் என்று சொன்னால் அவர் முன்னிலையிலேயே பழைய முறையில் ஒருமுறை பார்த்துக் காட்டும் சங்கத்தில் கருவியின் மேல் நம்பிக்கை கூடும்.

சன்னலைத் தாண்டி வெளியே வருவோம். பால் கறந்த சில மணி நேரத்தில் 4 டிகிரிக்குக் குளிர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் கெடும். அன்று நாற்பது லிட்டர் கேன்கள் சாலையோரம் லாரிக்காகக் காத்திருந்தன. லாரி டயர் பஞ்சரானால் ஒரு தடத்தின் பால் முழுவதும் புளித்துப்போகும். கொதிக்கவைத்துப் பார்த்துத் திரிந்தால் கேன் திரும்பி வரும், நட்டம் சங்கத்தின் தலையில். இன்று பல ஊர்களில் கூட்டாகப் பெரிய குளிர்கலன்கள் வந்துவிட்டன. சுற்றுச் சங்கங்களின் பால் அங்கே வந்து குளிர்ந்து, டேங்கரில் ஏறுகிறது. கலனின் வெப்பநிலையைத் தொலைவிலிருந்தே பார்க்க உணர்கருவிகள் உண்டு, டேங்கருக்கு ஜி.பி.எஸ். உண்டு.

இந்தச் சாலையில்தான் கணக்கு இன்னும் மங்கலாக இருக்கிறது. சங்கத்தில் ஒரு சோதனை நடக்கிறது. ஒன்றியத்தின் பால்பண்ணையிலோ குளிரூட்டு நிலையத்திலோ மறு சோதனை நடக்கிறது. சங்கத்துக்குப் பணம் வருவது இரண்டாவது சோதனையின்படி. அங்கே கொழுப்பு 0.2 குறைந்தது, அளவு பத்து லிட்டர் குறைந்தது என்றால் சங்கம் அந்த நட்டத்தை ஏற்க வேண்டும். நடுவில் என்ன நடந்தது என்பது ஊற்றியவர்களுக்குத் தெரியாது. 2014 ஆகஸ்டில் திண்டிவனம் அருகே டேங்கரிலிருந்து பாலை இறக்கிவிட்டுத் தண்ணீர் நிரப்பிய கும்பல் பிடிபட்டது, தமிழ்நாடே அதிர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எத்தனை ஆண்டுகளாக எத்தனை சங்கங்களின் பால் மீது ‘தரம் குறைவு’ என்று எழுதப்பட்டிருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பால் உற்பத்தியாளர் அமைப்புகள் பல ஆண்டுகளாக ஒரு கோரிக்கையை வைத்துவருகின்றன: பாலை வண்டியில் ஏற்றும் முன்பே, சங்கத்தின் வாசலிலேயே, அளவையும் தரத்தையும் குறித்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். இதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது மிகச் சரியான கோரிக்கையாகப் படுகிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே எண்ணைப் பார்ப்பதற்குப் பெயர்தான் கூட்டுவேலை. சன்னலில் ஊற்றுபவருக்கும் சங்கத்துக்கும் இடையே அது நடந்துவிட்டது. வண்டியடியில் சங்கத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையே அது நடக்கவில்லை. தகவல் கீழிருந்து மேலே ஓடுவதற்கு நாம் செலவழித்த பணத்தில் கொஞ்சமாவது மேலிருந்து கீழே ஓடுவதற்கும் செலவழித்திருக்க வேண்டும்.

நகரத்து முனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுத்த பால்காரரைப் பழைய சென்னைக்காரர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பிறகு மாதவரம் பண்ணையின் கண்ணாடிப் புட்டிகள், தகட்டு மூடிகள். அதன்பின் பிளாஸ்டிக் பாக்கெட்: நீலம், பச்சை, ஆரஞ்சு. நிறத்தைச் சொன்னாலே கொழுப்பைச் சொன்னதாகும். நீலம் 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6 என்றிருந்தது. மாதாந்திர அட்டை புதுப்பிக்க வரிசையில் நின்ற காலம் போய்க் கைப்பேசியிலேயே புதுப்பிக்கிறார்கள். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர்ப் பண்ணையை வெள்ளம் சூழ்ந்தது, சில நாள் நகரமே பாக்கெட்டுக்கு அலைந்தது. எந்த முகவரிடம் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று அறிய வழியில்லாமல் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் தெருத்தெருவாக நடந்தார்கள். அதே நாட்களில் கிராமத்தில் மாடுகள் வழக்கம்போல் கறந்துகொண்டிருந்தன. 2020 ஊரடங்கில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். டீக்கடையும் ஓட்டலும் மூடியதும் தனியார் சிலர் கொள்முதலைக் குறைக்க, பாலைத் தூக்கிக்கொண்டு மக்கள் கூட்டுறவுச் சங்க வாசலுக்கு ஓடினார்கள். பால் தேங்குவதும் பால் கிடைக்காமல் போவதும் ஒரே சங்கிலியின் இரு முனைகளில் ஒருவருக்கொருவர் தெரியாமல் நடக்கின்றன. கணினிகள் இருந்தும், அவை ஒன்றோடொன்று பேசவில்லை.

பணப் பட்டுவாடாவுக்கு வருகிறேன். அன்று பத்து நாளுக்கு ஒருமுறை அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை சங்கத்தில் ரொக்கம். தீவன மூட்டைக் கடன், முன்பணம் எல்லாம் கழித்து மிச்சத்தை எண்ணி வைப்பார்கள். ஒன்றியத்திலிருந்து பணம் வராமல் வாரக்கணக்கில் பாக்கி நின்ற காலங்களும் உண்டு. இன்று வங்கிக் கணக்கில் வரவு. இடையில் யாரும் கை வைக்க முடியாது, சேமிப்புப் பழக்கம் வருகிறது, மாட்டுக் கடன் வாங்க வங்கியில் காட்ட வரலாறு இருக்கிறது. 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் மேலும் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். இப்படிப்பட்ட தொகை யாருக்கு, எத்தனை லிட்டருக்கு என்று பிசகில்லாமல் சேர வேண்டுமானால் இந்தக் கணினிக் கணக்கு இல்லாமல் முடியாது.

இதில் நான் கவலைப்படும் இடம் ஒன்று உண்டு. பலரும் பேசாத இடமும்கூட. புல் அறுப்பதும் சாணி அள்ளுவதும் கறப்பதும் ஊற்றுவதும் பெரும்பாலும் பெண்கள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருப்பது பல வீடுகளில் கணவர் பெயர். ரொக்கமாகக் கொடுத்த காலத்தில் சொசைட்டிக்குப் போனவர் கைக்குப் பணம் வந்தது. பத்தாம் நாள் பட்டுவாடா என்றால் அன்று அவள் முந்தானை முடிச்சில் மளிகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு இருக்கும். இப்போது பணம் உறுப்பினரின் கணக்குக்குப் போகிறது. குறுஞ்செய்தியும் அவருடைய கைப்பேசிக்கே போகிறது. பால் ஊற்றியவளுக்கு எண் தெரியும், பணம் தெரியாது. வங்கி வழிப் பட்டுவாடாவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கணினியில் பெயர் ஏற்றும் நாளில் ‘மாட்டைப் பார்ப்பது யார்?’ என்று ஒரு கேள்வி கேட்டு, அவருடைய பெயரிலேயே உறுப்பினர் சேர்க்கையும் கணக்கும் திறந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. தமிழ்நாட்டில் மகளிர் பால் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே இது இயல்பாகவே நடந்திருக்கிறது. மற்ற சங்கங்களிலும் செய்ய ஒரு விண்ணப்பப் படிவம் போதும்.

குடிப்பவர் பக்கத்துக் கவலையும் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வந்தது. கலப்படத்தைவிடப் பெரிய சிக்கலாக அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு தெரியவந்தது. மாதிரிகளில் 368-இல் அது அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படி. இது யாரும் கலந்ததல்ல. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கையோ மக்காச்சோளத்தையோ மாடு தின்றால் பாலில் இறங்குவது. காய்ச்சினாலும் போகாது. சங்கத்துச் சன்னலில் உள்ள கருவிக்கு இது தெரியவே தெரியாது.

நகரத்தில் ஒரு பாக்கெட்டில் இந்த நச்சு தெரிந்தால் எந்தத் தடத்து டேங்கர், எந்தக் குளிர்கலன், எந்தச் சங்கம், எந்த வீட்டுத் தீவன மூட்டை என்று பின்னோக்கி நடந்து போக முடிய வேண்டும். அன்று அதற்கு வழியே இல்லை. நோட்டுகள் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகக் கிடந்தன. இருபது ஊர்ப் பால் ஒரே லாரியில் கலந்த பிறகு தடம் அழிந்தது. இன்று துண்டு துண்டாக எல்லாமே இருக்கிறது. பாக்கெட்டில் தொகுதி எண் இருக்கிறது. டேங்கருக்கு ஜி.பி.எஸ். பதிவு இருக்கிறது. சங்கத்தில் ஒவ்வொரு வேளைக்கும் உறுப்பினர் வாரியாகக் கணக்கு இருக்கிறது. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. தடுப்பூசியும் சினையூசியும் அந்த எண்ணில் பதிவாகின்றன. கோர்க்க வேண்டிய நூல் ஒன்றுதான் பாக்கி. தீவன ஆலையின் மூட்டை எண்ணும் இதே வரிசையில் சேர்ந்தால், கெட்ட புண்ணாக்கு எந்த மூட்டையில் வந்தது என்பதைச் சில மணி நேரத்தில் கண்டு, அதே மூட்டை வாங்கிய மற்ற வீடுகளுக்குச் செய்தி அனுப்பிவிடலாம். தண்டனை கொடுப்பதற்காக இதைக் கேட்கவில்லை. பூஞ்சைத் தீவனத்தால் முதலில் பாதிக்கப்படுவது மாடும் மாட்டுக்காரரும்தான். அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

இவ்வளவையும் செய்வதற்கு மக்கள் ஒத்துழைப்பார்களா என்று அதிகாரிகள் ஐயப்படுவதுண்டு. என் அனுபவத்தில் பால் ஊற்றுபவர்களைப் போல எண்களில் கவனமானவர்கள் குறைவு. எண்பது வயதுக்காரர்கூட நேற்று மாலைக் கொழுப்பு என்ன, இன்று காலை என்ன என்று மனப்பாடமாகச் சொல்வார். குறை, சில எண்கள் அவர்களுக்குக் கொடுக்கப்படாததுதான். தங்கள் சங்கத்தின் பாலுக்கு ஒன்றியம் என்ன கொழுப்பு போட்டது, அந்த மாதம் எவ்வளவு கழித்தது, சங்கம் உள்ளூரில் விற்ற பால் எத்தனை லிட்டர், மாதிரிப் பாலை என்ன செய்தார்கள், ஊக்கத்தொகை எந்தத் தேதிவரை வந்திருக்கிறது என்பவையெல்லாம் யாரோ ஒருவருடைய கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. உறுப்பினருக்குத் தினமும் போகும் குறுஞ்செய்தியில் இப்போது அவருடைய எடையும் கொழுப்பும் தொகையும் மட்டும் வருகின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை, பட்டுவாடா நாளில், ஒன்றியத்தின் சோதனை முடிவையும் கழிவுத் தொகையையும் இரண்டு வரி கூடுதலாக அதே செய்தியில் சேர்க்கலாம். கைப்பேசி இல்லாதவர்களுக்காக அதையே அச்செடுத்துச் சன்னலுக்குப் பக்கத்தில், விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும் அதே சுவரில் ஒட்டலாம். இதற்குப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. ஒன்றியத்தின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் அடுத்த பட்டுவாடாவிலேயே தொடங்கிவிடலாம்.